கருப்பொருளும் உரிப்பொருளும்: ஷாம்பேன் நாட்டில் ஒரு நாள்



ஒரு நிலத்தை எவ்வாறு படிப்பது என்பதற்குத் தமிழில் மிகப் பழைய முறையொன்று உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்திலே பிறக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்தாக அதனை வகுத்தார்கள். இம்மூன்றும் ஒரே தரத்தன அல்ல. முதலிலும் கரு சிறந்தது, கருவிலும் உரி சிறந்தது என்பது தொல்காப்பியருக்கு உரை கண்டோர் தரும் விளக்கம்.

இந்த அளவுகோல் குறிஞ்சிக்கும் முல்லைக்கும் மட்டுமே உரியதா, அல்லது நம் முன்னோர் கண்டிராத ஒரு நாட்டையும் இதனால் அளக்கலாமா என்பதே இன்றைய உரையின் பொருள். நான் எடுத்துக்கொள்ளும் நிலம் பிரான்ஸ் நாட்டின் ஷாம்பேன் பிரதேசம். நுரை பொங்கும் வெண்ணிற மதுவுக்குத் தன் பெயரையே கொடுத்த நிலம் அது.

மது என்றதும் நேயர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நான் மதுவைப் புகழ வரவில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நமக்குரியவர். யவனர் நல்ல கலங்களிலே கொண்டுவந்த குளிர்ந்த மதுவை நாள்தோறும் அருந்தி மகிழ்க என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய நக்கீரரும் நமக்குரியவரே. அது புறநானூற்றின் ஐம்பத்தாறாம் பாட்டில் உள்ள செய்தி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் நடத்திய அகழ்வில், மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது ஏற்றிவந்த சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ஆகவே மேற்குத்திசைத் திராட்சை மது தமிழ் இலக்கியத்துக்குப் புதிய விருந்தாளி அன்று.

2024 ஓகஸ்ட் மாதத்தில் பாரிஸ் நகரிலுள்ள என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். மைத்துனர் ஒரு நாட்பயணத்துக்கு ஒழுங்கு செய்தார். பாரிஸிலிருந்து ரான்ஸ் நகருக்கு விரைவுப் புகையிரதத்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆயின் திராட்சைக் குன்றுகளும் கிராமங்களும் புகையிரதப் பாதையிலிருந்து விலகிக் கிடக்கின்றன. சொந்த வாகனத்தில் போகலாமென்றால், ஒரு லீற்றர் இரத்தத்தில் அரைக் கிராம் மதுசாரம் இருந்தாலே வாகனம் ஓட்டக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். மது நிலவறைகளைப் பார்க்கப் போகின்றவர், அங்கே தரப்படும் குவளைகளைச் சுவைத்தபின் தாமே ஓட்டித் திரும்புவது ஆபத்து. ஆகவே சாரதியோடு கூடிய தனி வாகனம் ஒன்றை நாள் வாடகைக்கு அமர்த்துவதே வழக்கம். நமக்கு வாய்த்த சாரதி வடமராட்சியைச் சேர்ந்தவர். ஐம்பதைக் கடந்தவர். பாரிஸில் இந்தத் தொழிலில் இருபது ஆண்டுப் பழக்கம் உடையவர். நான் அவரை 'அண்ணை' என்றேன். அவர் என்னை 'மாஸ்ரர்' என்றார்.

பாரிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீற்றர் ஓடினால் மார்ன் ஆற்றின் பள்ளத்தாக்கு வருகின்றது. முதலில் நின்ற இடம் ஓவில்லேர் என்ற சிறு கிராமம். குன்றின் சரிவில் ஒரு பழைய மடாலயம். அதன் தேவாலயத்தில் தொம் பெரினியோன் என்ற துறவியின் கல்லறை இருக்கின்றது. 1668 முதல் 1715இல் இறக்கும் வரை அம்மடத்தின் மது நிலவறைக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். நுரைக்கும் மதுவைக் கண்டுபிடித்தவர் அவரே என்று உலகெங்கும் ஒரு கதை வழங்குகின்றது. உண்மை வேறு. போத்தலுக்குள் மது மீண்டும் பொங்குவதை அக்காலத்தவர் குற்றமாகவே கருதினர். அந்தத் துறவியும் அதனைத் தவிர்க்கவே முயன்றார். அவர் கைவந்த கலை, பல தோட்டத்துப் பழங்களைத் தக்கபடி கலப்பது. நம் புலவர்களைச் சுற்றி எழுந்த கர்ணபரம்பரைக் கதைகளைப் போலவே இதுவும் பின்னெழுந்த கதை.

மடத்துக்கு வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சை நிரைகள். யாழ்ப்பாணத்தில் நாம் முந்திரிகை என்று சொல்லும் அதே கொடிதான். கோண்டாவில், நீர்வேலிப் பக்கத்திலே ஆளுயரப் பந்தலில் படர்ந்து நிழல் தருகின்ற கொடி, அங்கே இடுப்பளவு உயரத்தில் வெட்டி ஒடுக்கப்பட்டு, படையணி போல நிரைநிரையாக நிற்கின்றது. அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. மண்ணைக் கிளறினால் வெள்ளை வெளேரென்று சுண்ணக்கல் தெரிகின்றது. நாம் வகுப்பிலே நாள்தோறும் தேய்க்கும் வெண்கட்டியின் இனம் அது. மழைநீரைக் கடற்பஞ்சு போல உறிஞ்சி வைத்து, வெயிற்காலத்தில் வேருக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கின்றது. அந்தக் கல்லும், வடக்கின் குளிரும், குன்றின் சரிவும் சேர்ந்தே பழத்துக்கு அந்தப் புளிப்பைத் தருகின்றன. மண்ணும் காலநிலையும் மனிதப் பழக்கமும் கூடி ஒரு விளைபொருளுக்குக் குணம் தருவதைப் பிரெஞ்சுக்காரர் 'தெருவார்' என்ற ஒரே சொல்லாற் குறிப்பர். முதற்பொருளும் கருப்பொருளும் என்று நாம் பிரித்துச் சொல்வதை அவர்கள் சேர்த்துச் சொல்கின்றார்கள். அவ்வளவே வேறுபாடு.

அவர்கள் அதனைச் சட்டமாகவும் ஆக்கினார்கள். அச்சட்டம் சும்மா வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒருவகைப் பூச்சி திராட்சை வேர்களை அரித்தது. தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. அதே காலத்தில் வணிகர் சிலர் வேறு மாவட்டங்களிலிருந்து மலிவான பழத்தை இறக்கி, ஷாம்பேன் என்ற பெயரில் மது செய்து விற்றனர். 1908இல் எல்லை வகுத்தபோது ஓப் என்ற மாவட்டம் வெளியே விடப்பட்டது. 1911 ஜனவரியில் விவசாயிகள் வெளியூர் மதுவைப் பிடித்து மார்ன் ஆற்றில் ஊற்றினர். ஏப்ரலில் ஆயி என்ற ஊரில் வணிகரின் மாளிகைகளும் நிலவறைகளும் எரிந்தன. அரசு படையை அனுப்பியது. 1927இல் எல்லை திருத்தப்பட்டது. 1936இல் அந்தப் பெயருக்குச் சட்டக் காப்பு கிடைத்தது. இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில், ஏறத்தாழ 34,000 ஹெக்டேயர் நிலத்தில் விளைந்த பழத்துக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. ஒரு நிலத்தின் பெயருக்காக உழவர் போராடிய வரலாறு இது. போத்தலின் முகப்புத்தாள் அதனைச் சொல்வதில்லை.

முகப்புத்தாளில் மனிதர் பெயரே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 'வெவ் கிளிக்கோ' என்பது அவற்றுள் ஒன்று. வெவ் என்றால் கைம்பெண். 1805இல் தம் இருபத்தேழாம் வயதில் கணவனை இழந்த ஒரு பெண், மணமான பெண்ணுக்குத் தனித்து வணிகம் செய்ய உரிமை அரிதாயிருந்த அக்காலத்தில், கைம்பெண் என்ற நிலையினாலேயே அவ்வுரிமையைப் பெற்றுத் தொழிலை நடத்தினார். போத்தலின் அடியில் தேங்கும் மண்டியை, போத்தலைச் சரித்து நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பிக் கழுத்துக்குக் கொண்டுவரும் முறை அவருடைய நிலவறையில் உருவானது. கோடிக்கணக்கான போத்தல்களில் ஒரு பெண்ணின் கைம்மை அச்சிடப்பட்டிருக்கின்றது. வாங்குகின்றவர் எத்தனை பேருக்கு அந்தச் சொல் சொல்லாகக் கேட்கின்றது?

நண்பகலில் சாரதி நிழலில் வாகனத்தை நிறுத்தினார். வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தைப் பகிர்ந்துகொண்டோம். கொடி நிரையைக் காட்டி அவர் சொன்னார்:

"மாஸ்ரர், வந்த புதிசிலை பத்து நாள் உந்தப் பழம் வெட்டப் போனனான். பழக்குலை முழங்கால் உயரத்திலைதான் தொங்கும். குந்தவும் ஏலாது, நிமிரவும் ஏலாது. ராத்திரிப் படுத்தால் இடுப்பு என்ரை இல்லை."

இங்கே இயந்திரம் வெட்டலாகாது என்பது விதி. ஷாம்பேனுக்குப் பயன்படும் பழங்களிற் பெரும்பகுதி கருந்திராட்சை. அதன் சாறு வெண்மையானது. பழம் நசுங்கினால் தோலின் நிறம் சாற்றிலே இறங்கிவிடும். ஆகவே முழுக்குலையாகக் கையாலே வெட்ட வேண்டும். நாலாயிரம் கிலோ பழத்திலிருந்து 2,550 லீற்றருக்கு மேல் சாறு பிழியவும் கூடாது. இத்தனை நுணுக்கமான விதிகளை வகுத்த நிலத்தில், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பருவகாலத் தொழிலாளர் வெயிலிலே குனிகின்றனர். 2023 செப்டெம்பர் அறுவடையின்போது, மேற்கு ஆபிரிக்க நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மனிதர் வாழத்தகாத ஓரிடத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 2025 ஜூலையில் ஷாலோன் நீதிமன்றம் அதனை மனித வணிகம் என்றே தீர்ப்பளித்துத் தண்டனை விதித்தது. பழத்தின் தோல் கசங்காதிருக்கச் சட்டம் இருந்தது. பறித்தவனின் உடல் கசங்கியதைக் காண நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டு நேயர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. சிங்க இலச்சினை பொறித்த சிலோன் தேயிலைப் பொதியை எடுத்துப் பாருங்கள். எந்த மலை, எந்தத் தோட்டம், எவ்வளவு உயரம் என்பன இருக்கும். முதலும் கருவும் அங்கே உண்டு. லயன் அறை அங்கே இராது. கொழுந்து கிள்ளிய விரலும் இராது. அந்த உரிப்பொருளை எழுத சி. வி. வேலுப்பிள்ளையும் தெளிவத்தை ஜோசப்பும் வர வேண்டியிருந்தது. ஒரு விளைபொருளின் விளம்பரத்துக்கும் ஒரு நிலத்தின் இலக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது கருப்பொருளோடு நின்றுவிடும். பின்னது நிற்காது.

பிற்பகலில் ரான்ஸ் நகரை அடைந்தோம். எழுத்தில் ரெயிம்ஸ் என்று எழுதி ரான்ஸ் என்று உச்சரிப்பர். பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் அங்குள்ளது. 1211இல் கட்டத் தொடங்கியது. 1914 செப்டெம்பர் 19ஆம் நாள் ஜேர்மானியரின் எறிகணைகளால் தீப்பற்றியது. வாயிலிலே புன்னகையோடு நிற்கும் தேவதூதனின் தலை அன்று விழுந்து சிதறியது. துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்து பின்னர் ஒட்டினார்கள். அந்தப் புன்னகையில் இன்று தழும்பு உண்டு. அதனை நின்று பார்க்கின்ற எவருக்கும் அது தெரிகின்றது.

அந்நகரின் அடியிலே பழங்காலத்தில் கட்டடத்துக்குச் சுண்ணக்கல் வெட்டிய பெருங்குழிகள் உள்ளன. மேலே ஒடுங்கி, கீழே விரிந்து, கவிழ்த்துவைத்த புனல் போன்று முப்பது மீற்றர் வரை இறங்குகின்றன. கோடையிலும் மாரியிலும் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிர். மதுவணிகர் அவற்றைச் சுரங்கங்களால் இணைத்துத் தம் நிலவறைகளாக்கிக்கொண்டனர். போத்தலுக்குள் இரண்டாம் முறை புளித்து, வாகனச் சில்லுக் காற்றைப் போல ஏறத்தாழ மும்மடங்கு அழுத்தத்தோடு, ஆகக் குறைந்தது பதினைந்து மாதம் மது அங்கே உறங்க வேண்டும். குன்றுகள், மதுமாளிகைகள், நிலவறைகள் எல்லாவற்றையும் 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது.

நாம் இறங்கிய நிலவறையில் வழிகாட்டிப் பெண் மணம், சுவை, நுரையின் நேர்த்தி என்று நெடுநேரம் விளக்கினார். திரும்பும்போது, ஒரு சுவர்ப் பக்கம் கையை நீட்டி, போர்க்காலத்தில் பிள்ளைகள் இத்தகைய நிலவறைகளில்தான் படித்தார்கள் என்று ஒரே வசனத்திற் கூறிவிட்டு நகர்ந்தார். எனக்குக் கால் நகரவில்லை.

1914 முதல் ரான்ஸ் நகரம் நான்கு ஆண்டுகளாக எறிகணை வீச்சுக்குள் கிடந்தது. பள்ளிக் கட்டடங்களில் வகுப்பு நடத்த முடியவில்லை. 1914 டிசெம்பரில் பொம்மெரி நிறுவனத்தின் நிலவறையில் முதலாவது நிலக்கீழ்ப் பள்ளி தொடங்கியது. பிறவும் தொடர்ந்தன. போத்தல்களின் நடுவே வாங்குகளைப் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் ஆசிரியர்கள் பாடம் நடத்தினர். 1917 வசந்தத்தில் பொதுமக்களை நகரிலிருந்து வெளியேற்றும் வரை இது நடந்தது. மேலே, அந்த முதலாண்டிலும் பின்னரும், எறிகணைகள் விழுந்த தோட்டங்களில் பெண்களும் முதியவரும் சிறுவரும் பழம் வெட்டினார்கள். உயிரிழந்தாரும் உளர். 1914ஆம் ஆண்டு மது மிகச் சிறந்தது என்று மது நூல்கள் புகழ்கின்றன. நம் மரபில் அதற்குப் பெயர் இரங்கல்.

நான் வெளியே வந்து இதனைச் சாரதியிடம் சொன்னேன். அவருக்கு அது புதிதன்று.

"ஓம் மாஸ்ரர், எத்தினை தரம் கேட்டிட்டன். இவையளுக்குக் கல்லுத்தான் காவல். எங்களுக்கு அந்தக் கல்லே இடைஞ்சல். ஊரிலை பங்கர் வெட்டேக்கை ரெண்டு முழத்திலை கல்லு வந்திடும். அலவாங்கு போட்டாலும் இறங்காது. பிறகென்ன, மேலை பனங்குத்தியும் மண்மூட்டையும்தான்."

யாழ்ப்பாணத்தின் அடியிலும் சுண்ணக்கல்லே. 1990களின் தொடக்கத்தில் நான் மாணவனாயிருந்தபோது எங்கள் பள்ளி வளவிலும் அத்தகைய பதுங்குகுழிகள் இருந்தன. விமான இரைச்சல் கேட்டதும் புத்தகத்தை விரித்தபடியே ஓடி இறங்குவோம். ஆசிரியர் சிலர் அங்கேயும் பாடத்தை நிறுத்தியதில்லை. ரான்ஸ் நகரத்து ஆசிரியர்களை எனக்குத் தெரியாது. அவர்களுடைய மொழியும் தெரியாது. ஆயினும் சுண்ணக்கல் சுவருக்குள் நின்று, மேலே அதிர்ச்சி கேட்க, கீழே எழுத்தைக் கற்பித்தவரின் மனநிலையை எனக்கு ஒருவர் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. முதற்பொருள் வேறு, கருப்பொருள் வேறு, உரிப்பொருள் ஒன்றாயிருந்தது. நிலங்களை ஐந்தாகப் பிரித்த நம் முன்னோர், மனித உணர்வு எந்த நிலத்தாருக்கும் விளங்கக் கூடியது என்பதனாலேதான் அதனை மூன்றினுள்ளும் சிறந்ததாக வைத்தார்கள் போலும்.

சுவைத்துப் பார்க்கும் கூடத்தில் எங்களுக்கு மும்மூன்று குவளை வைத்தார்கள். நான் வாயை நனைத்ததோடு சரி. மைத்துனர் நிதானமாகச் சுவைத்தார். சாரதி வெளியே வாகனத்திற் சாய்ந்து நின்றார். இருபது ஆண்டுகளாக இந்தக் குன்றுகளுக்கு ஆட்களைக் கூட்டிவருகின்றவர், இந்த நிலத்தில் வைத்து ஒரு துளியும் அருந்தியதில்லை என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படி என்பது போலச் சொன்னார்.

சங்க அகப்பாடல்களில் முல்லைத்திணையைக் கற்றோர், வினைமுற்றி மீளும் தலைவன் தேர்ப்பாகனுக்கு உரைத்தது என்ற துறையை மறந்திரார். கார்காலம் தொடங்கிவிட்டது, தலைவி காத்திருப்பாள், தேரை விரைந்து செலுத்துக என்று தலைவன் கூறுவான். வழிநெடுகப் பூத்த காட்டையும் துள்ளும் மானையும் வருணிப்பான். பாகன் பெரும்பாலும் கேட்பவனாகவே இருப்பான். அவனுக்கும் ஒரு வீடு உண்டு, அங்கும் ஒருத்தி காத்திருப்பாள் என்பதைக் கற்போரே எண்ணிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இன்றும் வாகனம் ஓட்டுபவரைச் சாரதி என்றே அழைக்கின்றோம். அனுமதிப்பத்திரத்திலும் அந்தச் சொல்லே இருக்கின்றது. பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணனுக்கு உரிய சொல் அது. தேரிலே ஏறியவனுக்கு வழியையும் வழியின் பொருளையும் சொன்னவன் அந்தச் சாரதி.

நான் சென்ற அந்த ஒருநாட் பயணத்திலும் அப்படியே நடந்தது. நிலத்தின் முதலையும் கருவையும் வழிகாட்டி நூல்கள் சொல்லின. வழிகாட்டிப் பெண் சொன்னார். போத்தலின் முகப்புத்தாளும் சொன்னது. பழம் வெட்டியவரின் இடுப்பையும், நிலவறையிற் படித்த பிள்ளையின் அச்சத்தையும், கல்லுக்கும் காவலுக்கும் உள்ள உறவையும் எனக்குச் சொன்னவர் குடிக்காமல் வெளியே நின்றவர். இரவு பத்து மணிக்கு எங்களை வாசலில் இறக்கிவிட்டு, மறுநாள் விடியப்புறம் விமான நிலையத்துக்கு ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டார்.

நேயர்களே, பயண இலக்கியம் எழுத விழையும் இளைஞருக்கு ஒன்று சொல்வேன். எந்த நாட்டுக்குப் போனாலும் மலையையும் மண்ணையும் பூவையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குத் தடையில்லை. குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தை மட்டும் வெறுமையாக விட்டுவையுங்கள். அங்கே விளைவிப்பவரும், பறிப்பவரும், சுமப்பவரும், உங்களை ஏற்றிச் செல்பவரும் சொல்வதை எழுதுவதற்கு அது தேவைப்படும்.